நான்கு பைசா யார் கொடுத்தது?

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1920இல் தியாகராயர், 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். மூவருக்கும் இந்த நாடு கடன்பட்டிருக்கிறது; அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு மேற்பார்வையாளராகி, ஓய்வு பெறும்வரை அந்தத் தடத்திலேயே நடந்தவள் நான். அதே வரலாற்றில் எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகத் தெரிகிறது. மேலிருந்து அரிசி வந்து இறங்கியபோது, அதை வாங்கிப் பிள்ளையின் வாய்வரை கொண்டுபோக ஊரில் யார் யார் சேர்ந்து நின்றார்கள்? யார் சேராமல் போனார்கள்? ஒவ்வொரு காலத்திலும் திட்டம் நிலைத்ததற்கும் சரிந்ததற்கும் உரிய விடை அங்கேதான் இருக்கிறது.

சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும்; ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. மன்றத்தின் தலைவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. சிற்றுண்டி மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய வெள்ளைக்கார அரசு ஒப்பவில்லை. 1925 ஏப்ரல் 1ஆம் தேதியோடு சிற்றுண்டி நின்றது. சில ஆண்டுகள் கழித்து 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு என்ற அளவில் மீண்டும் வந்தது.

இந்த ஐந்தாண்டுக் கதையை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுண்டு. மன்றம், பள்ளி, இரண்டையும் இணைக்க ஒரே ஒரு நிதித் தலைப்பு. அந்தத் தலைப்பை ஒரு கோப்பில் அடித்தபோது பிள்ளையின் தட்டு காலியாகிவிட்டது. நல்ல மனம் இருந்தது, நல்ல தீர்மானம் இருந்தது. தாங்கிப் பிடிக்க இரண்டாவது கை இல்லை.

அடுத்த முயற்சி கிராமத்திலிருந்து எழுந்தது. காமராசர் முதலமைச்சர், கல்வித்துறையின் இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956இல் எட்டயபுரம் வட்டாரத்தில் ஊர்ப் பெரியவர்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே பொருள் சேர்த்துப் பள்ளியில் மதிய உணவு போடும் வழக்கம் தொடங்கியது. அரசு உத்தரவிட்டு நடந்ததன்று, அரசு கேட்டு ஊர் செய்தது. அப்படி ஊர்கள் முன்வந்த பிறகுதான் 1957 நவம்பரில் அரசு தன் பங்கை அறிவித்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா கணக்கு. அதில் ஆறு பைசா அரசு கொடுக்கும். நான்கு பைசா ஊர் கொடுக்க வேண்டும்.

அந்த நான்கு பைசாவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது. ஏழை நாடு, வரிப்பணம் போதாது என்ற கட்டாயம் அதன் பின்னே இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த நான்கு பைசா ஒவ்வொரு ஊரையும் உட்கார்ந்து பேச வைத்தது. யார் அரிசி தருவது, யார் விறகு தருவது, யார் வீட்டு அண்டா வரும், யார் சமைப்பார்கள் என்று பேசாமல் அடுப்பு எரியாது. 1958இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தன. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் எடுப்பார்கள்: கரும்பலகை, மணி, நாற்காலி, கிணறு, சுற்றுச்சுவர், சீருடை, மதிய உணவு. பிறகு மாநாடு கூட்டி, எந்தக் குறையை யார் தீர்ப்பது என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். குறையும் கொடையும் ஒரே பந்தலில் சந்தித்தன.

1960களில் நான் படித்த ஊர்ப் பள்ளியிலும் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியரிடம் ஒரு நீளவாக்கு நோட்டு இருந்தது. அறுப்பு முடிந்த மாதங்களில் அதில் 'ஒரு மரக்கால் நெல்', 'இரண்டு படி வரகு' என்று வரவு ஏறும். கோடையில் 'விறகு ஒரு கட்டு', 'மிளகாய் வற்றல்' என்று இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் வீடுகளிலும் குதிர் காலி. அதாவது பிள்ளைக்குச் சோறு மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் ஊர்ப் பங்கு மிகவும் மெலிந்து போனது. கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர் தாக்குப் பிடித்தது. மானாவாரிக் கரட்டு ஊர் தடுமாறியது. நான்கு பைசாவின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்: எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில் நான்கு பைசா சேர்வதும் கடினம்.

1961இலிருந்து அமெரிக்காவின் 'கேர்' நிறுவனம் இந்தத் திட்டத்தோடு சேர்ந்தது. பால் பவுடரும் எண்ணெயும் தானிய மாவும் வந்தன. மக்காச்சோள உப்புமாவின் மணம் என் தலைமுறைக்கு மறக்காது. அந்தப் பசி மாதங்களை அது பெருமளவு கடத்திவிட்டது. 1960களின் பிற்பகுதியில் மையச் சமையற்கூடங்கள் வந்தன. ஓரிடத்தில் சமைத்து வண்டியில் பல பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். சுத்தமும் ஒழுங்கும் கூடின. அதே நேரத்தில், வெளியிலிருந்து மூட்டை வரவர, ஊர் தன் நோட்டை மெல்ல மூடிவிட்டது. எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த நீளவாக்கு நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அமெரிக்க உதவியோடு சிட்னி கேன்டர் குழுமம் நடத்தி, 1973இல் வெளிவந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு. உணவை மட்டும் எடுத்துப் பார்க்காமல், விளைச்சல், சந்தை, வருமானம், வீட்டுப் பங்கீடு, நோய், அரசுத் துறைகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பாகப் பார்த்தார்கள். மாநிலத்தில் அப்போது இருபதுக்கும் மேற்பட்ட உணவு, ஊட்டச்சத்துத் திட்டங்கள் தனித்தனியே நடந்துகொண்டிருந்தன. ஆனால் உடம்பு மிகவும் வாடும் வயது, அதாவது தாய்ப்பாலோடு கூட்டுணவு தொடங்கும் ஆறாம் மாதத்திலிருந்து மூன்று வயது வரை, அந்தத் திட்டங்களின் பிடியில் அகப்படவே இல்லை. அந்த வயதுப் பிள்ளை பள்ளிக்கு வராது; மையத்துக்கும் தானாக நடந்து வராது. அதற்கென்று கொடுத்த உணவும் வீட்டில் எல்லோருக்குமாகப் பங்கு போடப்பட்டுவிடும். இருபது கை நீண்டும் ஒரு குழந்தையைத் தொட முடியவில்லை என்றால், அந்தக் கைகள் ஒன்றையொன்று அறியாமல் நீண்டன என்றுதான் பொருள்.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980இல் முதன்முதலாகச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஒன்றியம் எங்கள் கொட்டாம்பட்டி. பிறகு மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, செங்கல்பட்டு, வட ஆற்காடு ஆகிய ஆறு மாவட்டங்களில் ஏறக்குறைய 9,000 ஊர்களுக்குப் பரவியது. அன்றைய மதுரை மாவட்டம் என்றால் இன்றைய திண்டுக்கல்லும் தேனியும் அடக்கம்.

திட்டத்தின் வழிமுறை எளியது. ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒரு மையம். அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பெண் பணியாளர். முடிந்தால் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த தாய். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒரு முறை உத்தரத்தில் தொங்கவிட்ட தராசில் எடை போட வேண்டும். எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் தாயைப் பாராட்ட வேண்டும். ஏறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிட வேண்டும். பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர். பணியாளருக்குத் துணையாக ஊர்ப் பெண்களின் பணிக்குழு ஒன்று.

காகிதத்தில் எளிது. ஊரில் நின்றால்தான் அதன் கனம் தெரியும். எல்லோருக்கும் கொடுக்காமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் கண் பட்டுவிடும் என்று அப்பத்தாமார் பயந்தார்கள். எடை போடுவதைப் பற்றி நான் பாடம் நடத்தி எந்தப் பயமும் போகவில்லை. அவர்கள் நம்பும் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றபோது போனது. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பதே என் வேலையின் பாதி என்று சீக்கிரமே புரிந்துகொண்டேன்.

மேற்பார்வையாளரான பிறகு புதிய மையம் ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு படம் வரைந்தேன். ஒரு சார்ட் தாள், நான்கு வண்ணப் பென்சில். நடுவில் ஒரு வட்டம், அதுதான் குழந்தை. சுற்றிலும் ஊரில் குழந்தையோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புள்ள எல்லோரும், எல்லா அமைப்பும்: தாய், மாமியார், மருத்துவச்சி, கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளித் தலைமை ஆசிரியர், ஊராட்சித் தலைவர், அம்பலம், மாதர் சங்கம், பால் சங்கம், ரேஷன் கடை, கோவில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாஅத், இளைஞர் மன்றம், மளிகைக் கடை. ஏற்கெனவே ஏதாவது செய்து காட்டியவருக்கு முழுக்கோடு. செய்கிறேன் என்று வாக்கு மட்டும் கொடுத்தவருக்குப் புள்ளிக்கோடு. ஒருவரோடொருவர் பேச்சு இல்லாதவர்களுக்கு நடுவே சிவப்புக்கோடு. ஒரு நாளில் முடியும் வேலை இல்லை. மந்தையில் உட்கார்ந்தால் ஆண்கள் சொல்வது ஒரு கதை. குழாயடியில் பெண்கள் சொல்வது வேறு கதை. இரண்டையும் கேட்டால்தான் கோடு சரியாக விழும்.

அந்தப் படம் என்ன கற்றுக் கொடுத்தது என்று சில ஊர்களை வைத்துச் சொல்கிறேன்.

ஓர் ஊரில் எல்லாக் கோடும் ஊராட்சித் தலைவரிடம் போய் முடிந்தது. நல்ல மனிதர், மையத்துக்குக் கட்டடமும் தந்தார். ஆனால் பிறந்த குழந்தையை முதலில் தொடுகிறவர் யார் என்று தேடிக்கொண்டே போனால் கோடு ஒரு வயதான மருத்துவச்சியின் குடிசையில் போய் நின்றது. அந்த ஊரில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம். மருத்துவச்சி சொன்னால் நிற்கும், வேறு யார் சொன்னாலும் நிற்காது. நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். அவர் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "தாயி, இத்தனை வருசமா இந்த ஊருப் புள்ளைகளை நான்தான் எடுத்தேன். ஒரு ஆபீஸர் என்னைய ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காகளா?" அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டோம். பிறகு எடை நாளில் அவரே தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்னோர் ஊரில் எடை நாளுக்கு ஆள் வரவே இல்லை. காரணம் படத்தில் இருந்தது: பால் சங்கம். பால் பணம் பட்டுவாடா ஆகும் காலையில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சங்க வாசலில் இருப்பார்கள். நாங்கள் எடைக்கு வைத்த நாளில் பாதிப் பேர் கதிரறுக்கப் போயிருப்பார்கள். சங்கச் செயலாளரிடம் பேசி, பட்டுவாடா நாளன்று சங்கக் கூரையின் உத்தரத்திலேயே தராசைத் தொங்கவிட்டோம். செலவு ஒரு கயிறு. அன்று வராத பிள்ளைகளே அந்த ஊரில் மிகச் சிலர்.

எனக்கு மிகவும் கடினமான பாடம் சிவப்புக்கோட்டில் இருந்தது. மையம் ஊருக்குள் கோவில் தெருவில் இருந்தால் காலனித் தாய்மார் வாசலோடு நின்றுவிடுவார்கள். அவர்கள் பிள்ளையைத் தராசில் வைத்தபின் தெருப் பெண்கள் தங்கள் பிள்ளையை வைக்கத் தயங்குவார்கள். மையத்தைக் காலனியில் வைத்தால் தெரு வராது. படத்தில் இரண்டு பக்கமும் போகும் முழுக்கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பள்ளிக்கூடம். எனவே பள்ளி வளாகத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினோம். பணிக்குழுவில் காலனிப் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றோம். ஒரே ஆண்டில் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே தராசில் எல்லாப் பிள்ளையும் ஏறியது. அந்த வட்டாரத்தில் அது சிறிய காரியம் இல்லை.

படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் உடைக்க வந்து கரட்டோரம் குடிசை போட்ட குடும்பங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்தக் குழுவிலும் இல்லை, எங்கள் ஊர்க் கணக்கெடுப்பிலும் இல்லை. ஆனால் அவர்கள் கடன் வாங்கும் மளிகைக் கடைக்காரருக்கு ஒவ்வொரு பிள்ளையும் தெரியும். அவர் கொடுத்த பெயர்களை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகளை எடைக்குக் கொண்டுவந்தோம். படத்தை வரைந்து முடித்தபின் 'இதில் யார் இல்லை' என்று கேட்காவிட்டால் அந்தப் படம் ஊரில் வசதியாக இருப்பவர்களின் படமாகவே நின்றுவிடும்.

இந்தத் திட்டம் என்ன சாதித்தது? 1989இல் முதல் கட்டம் முடிந்தபோது, திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுவதும் ஊட்டச்சத்து வல்லுநர்கள் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். அதே மதிப்பீடுகள் ஒரு குறையையும் சொல்லின: ஊட்டச்சத்துப் பணியும் சுகாதாரப் பணியும் நினைத்த அளவுக்கு இணையவில்லை. அது எங்களுக்கு நாள்தோறும் தெரிந்ததே. என் பதிவேடு சமூக நலத் துறைக்குப் போகும். செவிலியரின் பதிவேடு சுகாதாரத் துறைக்குப் போகும். ஒரே பிள்ளையின் பெயர் இரண்டிலும் இருக்கும். வயிற்றுப்போக்கால் எடை இறங்கிய பிள்ளைக்கு நான் உருண்டை கொடுத்துக்கொண்டிருப்பேன். செவிலியர் அதே தெருவுக்குத் தடுப்பூசி போட வந்து, அந்தப் பிள்ளையைப் பார்க்காமலே போயிருப்பார். எங்கள் பகுதியில் ஒரு செவிலியரும் நானும் பேசி, மாதத்தில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு பதிவேட்டையும் ஒரே திண்ணையில் விரித்து ஒத்துப் பார்ப்போம். "நர்சம்மாவும் டீச்சரும் சேந்து வந்தா ஏதோ முக்கியமான சமாச்சாரம்" என்று வீட்டார் வெளியே வந்து உட்காருவார்கள். அந்த ஒரு நாள்தான் இரு துறைகள் ஒன்றாக இருந்த நாள்.

எங்கள் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமங்களில் இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை; அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு; 1984இல் பதினைந்து வயது வரை. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கணவனை இழந்தவர்களும் ஆதரவற்ற பெண்களும் பெருமளவில் அந்த வேலைகளுக்கு வந்தார்கள். இவ்வளவு பெரிய திட்டத்துக்குக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் பலர். அரசு முழுச்செலவையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. ஐப்பசி கார்த்திகையில் நோட்டு வெறுமையாகும் பழைய துயரம் அன்றோடு போயிற்று. கரட்டு ஊருக்கும் கண்மாய் ஊருக்கும் ஒரே அளவு சோறு. இதைவிடப் பெரிய நீதி எனக்குத் தெரியாது. 1989இல் முட்டை சேர்ந்தது; பின்னாளில் அது வாரந்தோறும், பிறகு வாரத்தில் ஐந்து நாள் என்று வளர்ந்தது.

ஆனாலும் ஓர் ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு மையங்கள் என்ற நிலை வந்தது. மூன்று வயதுக்குக் கீழ் எங்களிடம். இரண்டு வயதுக்கு மேல் சத்துணவு மையத்தில். இரண்டரை வயதுப் பிள்ளை இரண்டு பட்டியலிலும் இருக்கும். சில நேரம் இரண்டிலுமே விடுபடும். 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை ஒரே மையம் என்று சேர்த்தார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியும் பரவி, இன்றைய அங்கன்வாடி உருவானது. இணைப்பதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டு ஆயிற்று. தொடங்கும்போதே ஊரில் ஏற்கெனவே எந்த மையம் எந்தப் பிள்ளையைப் பார்க்கிறது என்று ஒரு தாளில் போட்டிருந்தால் அந்த எட்டு ஆண்டு மிச்சம்.

அரசு முழுச்சுமையை ஏற்றபின் ஊர் விலகி நின்றதும் உண்மை. சத்துணவுக் கூடத்தில் புகை போக வழியில்லை என்றாலும், கிணற்றுத் தண்ணீர் கலங்கினாலும் "கவர்மெண்டு பாத்துக்கிரும்" என்ற பேச்சு வந்துவிட்டது. ஊர் திரும்பி வந்த வழி வேறு. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின. பணிக்குழுவில் எங்களோடு உட்கார்ந்து பேசிய பெண்கள் பலர் எங்கள் பகுதியில் அந்தக் குழுக்களின் தலைவிகளானதை நான் பார்த்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1,545 தொடக்கப் பள்ளிகளில் ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் பிள்ளைகள். மறுஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கிராமங்களில் சமைப்பவர்கள் அந்த சுயஉதவிக் குழுப் பெண்கள். தங்கள் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்மார். உப்பு குறைந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடமே சொல்லும். செலவு அரசினுடையது, கை ஊருடையது. 1957இல் ஆறும் நான்குமாகப் பிரித்த பங்கு, ஏழை ஊரை வதைக்காத வடிவில் மீண்டும் வந்திருக்கிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

இன்று ஊராட்சி அளவில் திட்டமிடக் குழுக்களுக்குக் குறைவில்லை. கிராம சுகாதார, குடிநீர், ஊட்டச்சத்துக் குழு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கிறது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. ஒவ்வொன்றிலும் பெயர்ப் பட்டியல் உண்டு. பெயர்களுக்கு நடுவே கோடு இல்லை. ஒரு குழுவின் தலைவி இன்னொரு குழுவின் செயலாளரோடு பேசி ஆறு மாதமாகிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஊட்டச்சத்துக்கென்று இருக்கும் சிறு தொகையும் அதனால்தான் ஒரு பேனரிலும் ஒரு தேநீர்க் கூட்டத்திலும் கரைந்துவிடுகிறது.

இளைய பணியாளர்கள் என்னிடம் வந்து கேட்டால் நான் சொல்வது இதுதான். திட்டம் எழுதுமுன் படம் வரையுங்கள். வரையும்போது நான்கு கேள்வி கேளுங்கள். குழந்தையை முதலில் பார்ப்பது யார்? பொருளோ இடமோ நேரமோ யாரிடம், எந்த மாதத்தில் இருக்கிறது? யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை? இந்தத் தாளில் வராத வீடு எது? பதில்களை ஒரு அதிகாரியிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். மந்தையிலும் குழாயடியிலும் காலனியிலும் கேளுங்கள். புள்ளிக்கோடு ஒன்று முழுக்கோடாக மாறினால் அந்த மாதம் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்று பொருள். ஆண்டுக்கு ஒரு முறை புதுத்தாளில் வரையுங்கள். செவிலியர் மாற்றலாகிப் போவார், சங்கம் கலையும், புதிதாக ஒரு குடும்பம் கரட்டோரம் வந்து குடியேறும்.

இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கிராம சபை கூடியே ஆக வேண்டும். வரும் சபையில் அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் தலைமை ஆசிரியரும் குழுத் தலைவிகளும் சேர்ந்து அந்த ஒரு தாளை மேசைமேல் விரித்து, எந்தக் கோடு அறுந்திருக்கிறது என்று ஊரார் முன்னால் சொல்லட்டும். அதைக் கட்டும் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதட்டும். அடுத்த சபையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, செய்தீர்களா என்று கேட்கட்டும். சோறு போட அரசு இருக்கிறது. அது எந்தப் பிள்ளைக்குச் சேரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியது ஊர்.